கடல் ஓய்வு நிலையம்

திரை விலகியதும் கைதட்டியவர்கள் எல்லாரும் தமிழ் வாசிக்கத் தெரியாதவர்கள். வாசிக்கத் தெரிந்த நாங்கள் சிலர் தட்டுவதா சிரிப்பதா என்று புரியாமல் கைகளை நெஞ்சுக்கு நேரே பிடித்தபடி நின்றோம்.

உள்துறைமுகக் கரையில், புதுச் சுண்ணாம்பின் மணம் இன்னும் போகாத கட்டடம். அமைச்சர் ஹெலிகொப்டரில் வந்து இறங்கியிருந்தார். அது கிளப்பிய புழுதி நான் ஏந்தி நின்ற சந்தனக் கிண்ணத்தில் படிந்து, சந்தனம் சீமெந்து நிறத்துக்கு மாறியிருந்தது. அமைச்சர் அதைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டு கயிற்றை இழுத்தார். மஞ்சள் பட்டுத் துணி பாதியில் சிக்கி, பிறகு ஒரு சிப்பாய் தடியால் தள்ளிவிட முழுதாக விழுந்தது.

பெயர்ப்பலகை மூன்று மொழியில் இருந்தது. மேலே சிங்களம், பிழையில்லை. கீழே ஆங்கிலம், அதுவும் பிழையில்லை. நடுவில் நல்ல தடித்த கறுப்பு எழுத்தில் ‘தேசிய கடல் ஓய்வு நிலையம்’ என்று எழுதியிருந்தது.

எங்கள் பணிப்பாளர் கலாநிதி சோமசேகரம் மெல்ல என் பக்கம் சாய்ந்தார்.

“மிஸ் வசந்தி, என்ர கண்ணாடியில பிழையோ? ஓய்வு எண்டே போட்டிருக்கு?”

“ஓம் சேர். ஆய்வு எண்டு வரவேணும். ஆவன்னாவுக்கு ஓவன்னா விழுந்திட்டுது.”

“அமைச்சருக்குத் தெரியுமோ?”

“அவருக்குத் தமிழ் வாசிக்க வராது சேர்.”

“அப்ப கையைத் தட்டுங்கோ” என்றார். கிண்ணத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தட்டினேன்.

இந்தத் தொடரை ஆரம்பம் முதல் வாசித்துவரும் ஓர் அன்பர், பல்கலைக்கழக விடுதியின் பருப்புக்கறிக்கே இரண்டு வாரத்தைச் செலவழித்துவிட்டீர்களே, எப்போதுதான் வேலைக்குச் சேரப்போகிறீர்கள் என்று கேட்டிருந்தார். இதோ சேர்ந்துவிட்டேன் ஐயா. ஆய்வு உதவியாளராகச் சேர்ந்தேன். சேர்ந்த இடம் ஓய்வு நிலையமாகிப் போனதற்கு நான் பொறுப்பில்லை.

கடலுக்குப் போகாத படகு

கடலை ஆராய வேண்டுமானால் கடலோரத்தில் இருக்க வேண்டும் என்பதைக் கொழும்பில் ஒரு குழு பல வருடங்கள் கூடித் தேநீர் குடித்துக் கண்டுபிடித்தது. திருகோணமலையைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆழமான துறைமுகம், பக்கத்தில் கொட்டியாரக்குடா, வடக்கே சல்லிவரை மீனவர் கிராமங்கள். தேர்வில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

அத்திவாரம் போட்டபோது நாடு ஓரளவு அமைதியாக இருந்தது. கூரை போட்டபோது போர் தொடங்கிவிட்டது. வேலையை நிறுத்தலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை, ஏனென்றால் போர் தொடங்கியதைப் பற்றி அந்தக் கோப்பில் ஒருவரும் எழுதி வைக்கவில்லை. இப்படித்தான் கடல் முழுவதும் தடை செய்யப்பட்டிருந்த ஒரு காலத்தில் இந்த நாட்டுக்கு ஒரு கடலாய்வு நிலையம் கிடைத்தது.

ஒரு வெளிநாடு எங்களுக்குப் படகு ஒன்றை அன்பளிப்புச் செய்தது. வெள்ளை நிறம், நீலக் கோடு, அழகான படகு. அது கப்பலில் வந்து இறங்கி, டிரக்கில் ஏறி, எங்கள் முற்றத்து வேப்பமரத்தின் கீழ் மரக்குற்றிகளில் உட்கார்ந்தது. அதன் இயந்திரத்தின் வலு அனுமதிக்கப்பட்ட அளவைவிட அதிகம் என்று பக்கத்து இராணுவ முகாமில் சொன்னார்கள். சின்ன இயந்திரம் மாட்டுகிறோம் என்றோம். சின்ன இயந்திரத்துக்கு இவ்வளவு பெரிய படகு ஏன் என்று கேட்டார்கள். காவலாளியின் கோழிகள் அதில் முட்டையிடத் தொடங்கிய பிறகு நாங்களும் கேட்பதை விட்டுவிட்டோம்.

எங்களுக்கு அனுமதிக்கப்பட்டது ஒரு வாளி. திங்கட்கிழமைக் காலையில் நானும் லிகிதர் நாகேந்திரமும் இறங்குதுறைக்குப் போய், கயிற்றில் வாளியைக் கட்டிக் கடலில் இறக்கி, தண்ணீர் எடுத்து வருவோம். சென்றி என்னும் காவலரணில் நிற்கும் சிப்பாய் வாளியை வாங்கித் தட்டிப் பார்ப்பான், கயிற்றை விரலால் நீவிப் பார்ப்பான், பிறகு எங்களைப் பார்த்து இரக்கப்படுவான். படித்த பெண்ணுக்கு இப்படி ஒரு தண்ணீர்ப் பஞ்சமா என்று நினைத்திருக்கலாம். அந்தத் தண்ணீரின் உப்பையும் வெப்பத்தையும் அளந்து வைப்பதுதான் தேசியக் கடலாராய்ச்சி.

மீன் டொக்டர்

பணிப்பாளரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். சோமசேகரம் சேர் திருகோணமலை நகரத்துப் பழைய குடும்பம். குளிர்நாடு ஒன்றில் மீன்களைப் பற்றி ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்றவர். நெடிய உருவம், நேர்வகிடு, எந்த வெயிலிலும் கழுத்துவரை பூட்டிய வெள்ளைச் சட்டை. தன் பெயருக்கு முன்னால் ‘கலாநிதி’ விடுபட்டு வந்த கடிதத்தைப் பிரிக்காமலே திருப்பி அனுப்புவார்.

அவருடைய வாழ்க்கையில் ஒரு விசேஷம் இருந்தது. அவர் சுத்த சைவம். கணக்கில்லாத மீன்களை வெட்டிப் பிரித்து, எலும்பெலும்பாக எண்ணிப் பெயர் வைத்து, குடலில் என்ன இருந்தது என்றுகூட எழுதிவைத்த மனிதர், ஒரு நெத்தலித் தலையைக்கூட வாயில் வைத்ததில்லை. ஆய்வுகூடத்தில் மீனைத் தொட்டால் அன்று வீட்டுக்குப் போனதும் கிணற்றடியில் தலையில் வார்த்த பிறகுதான் உள்ளே கால் வைப்பார். வெள்ளிக்கிழமையில் மீன் போட்டு வைத்த கண்ணாடிப் போத்தலைக்கூடத் திறக்கமாட்டார். சந்தையில் அவருக்கு ‘மீன் டொக்டர்’ என்று பெயர். “டொக்டர் நோயாளியைத் தின்னுறதோ?” என்று நாகேந்திரம் எங்களைப் பார்த்துக் கேட்பார், அவர் காதில் விழாத தூரத்தில்.

நாகேந்திரம் எங்கள் கடிதங்களையும் கோப்புகளையும் பார்க்கும் முதல் லிகிதர். வாய்க்கு வெற்றிலையும் நாக்குக்கு நக்கலும் ஓயாத மனிதர். இந்த அத்தியாயத்தில் நல்ல யோசனை ஏதும் வந்தால் அது பெரும்பாலும் அவருடையதுதான்.

கதிரைகளின் வளர்ச்சி

நிலையம் வளரவில்லை என்று யாரும் நினைக்கவேண்டாம். கடலுக்குப் போக முடியாத நிறுவனம் வேறு எப்படி வளர முடியுமோ அப்படியெல்லாம் வளர்ந்தது. படகுக்கு ஒரு மாலுமி வந்தார். மாலுமிக்கு உதவியாள் வந்தார். கடலுக்கடியில் சுழியோடும் உபகரணங்களுக்குப் பொறுப்பாளர் ஒருவர் வந்தார். அந்த உபகரணங்கள் முகாமில் பாதுகாப்பாகப் பூட்டப்பட்டிருந்ததால், அவர் அவை பாதுகாப்பாக இருக்கின்றன என்று மாதாமாதம் அறிக்கை எழுதினார். ஒவ்வொருவருக்கும் ஒரு கதிரை, ஒரு மேசை, பாதி அலுமாரி. கொழும்புக்கு அனுப்பும் ஆண்டறிக்கையில் முன்னேற்றம் என்ற தலைப்பின் கீழ் நாங்கள் கதிரைகளைத்தான் எழுதினோம்.

பின்கட்டில் சமையலுக்கு ஒரு குசினியும் கட்டினார்கள். அதைக் கேட்டது யார் என்று இன்றுவரை தெரியாது. ஓய்வு நிலையத்துக்குக் குசினி வேண்டும்தானே என்று யாரோ ஒருவர் பலகையைப் பார்த்து நினைத்திருக்கவேண்டும்.

பலகையைத் திருத்தச் சொல்லிச் சேர் எழுதாத கடிதமில்லை. தமிழ் வாசகம் உரிய பிரிவினரால் சரிபார்க்கப்பட்டது, ஆட்சேபனை இருந்தால் காரணத்தை மூன்று மொழியிலும் தருக என்று பதில் வந்தது. ஒரு தூரிகையை எடுத்து நாங்களே திருத்தியிருக்கலாமே என்று இன்றைய பிள்ளைகள் கேட்பார்கள். பலகைக்கு நேர் எதிரே சென்றி இருந்தது. அந்தக் காலத்தில் ஏணியில் ஏறி, அரசாங்கப் பலகையில், கறுப்பு மை பூச எந்தத் தமிழனுக்குத் துணிவு வரும்?

ஆகவே பலகை தன் வேலையைத் தொடங்கியது. மூதூரிலிருந்து லோஞ்சில் வந்து இறங்கிய புதுமணத் தம்பதி இரண்டு நாளுக்கு அறை கேட்டது. அன்புவழிபுரத்திலிருந்து ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர், குடையை மடக்கியபடி வந்து நின்றார்.

“ஓய்வு எடுத்த ஆக்களுக்கு இஞ்ச என்ன தருவீங்கள், தம்பி?”

“கதிரை தருவம் ஐயா. இருங்கோ” என்றார் நாகேந்திரம்.

தபாலதிபர் இருந்தார். மறுநாளும் வந்தார். பிறகு தினமும் வந்து விறாந்தையில் எங்கள் பேப்பரை எங்களுக்கு முன்னால் வாசித்து முடித்தார்.

சல்லிக் கடல்

ஒரு வருடம், வெயில் கொளுத்திய மாதத்தில், சல்லிக்கு வெளியே கடல் நிறம் மாறியது. தக்காளிச் சொதியின் நிறம் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். இரண்டொரு நாளில் மீன் செத்து மிதந்தது. சூடை, கீரி, மணலை என்று பேதமில்லாமல் கரை முழுவதும் வெள்ளை வயிறு. காற்று மாறியபோது நாற்றம் நகரத்துக்குள்ளேயே வந்தது. முகாமின் பின்புறக் கரையிலும் மீன் ஒதுங்கியது. அதுதான் வினை. யாரோ கடலில் நஞ்சு கலந்துவிட்டார்கள் என்று கதை கிளம்பியது.

தங்கராசா என்ற சல்லி மீனவர்தான் அதை முதலில் கண்டவர். வள்ளத்தை இழுத்துவிட்டு, தானாகவே நடந்துபோய், ஐயா கடலில் மீன் சாகுது என்று சென்றியில் சொன்னார். முதலில் சொன்னவனுக்குத்தானே முதலில் தெரிந்திருக்கும்? அவருடைய வள்ளத்தில் மண்ணெண்ணெய்ப் போத்தலும் இருந்தது. எந்த வள்ளத்தில் இல்லை? பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ அவருடைய மனைவி இராசமணி அக்கா சைக்கிளை உருட்டிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தா. வெயிலில் கறுத்த, உறுதியான பெண். கைப்பிடியில் ஒரு சீலைப்பை தொங்கியது.

“இது கடலை ஆராயிற இடமோ, ஓய்வெடுக்கிற இடமோ?”

“இப்போதைக்கு ரெண்டும் ஒண்டுதான் அக்கா” என்றார் நாகேந்திரம்.

“கடலுக்கு என்ன வந்ததெண்டு படிச்ச ஆக்கள் சொன்னா அந்த மனுசனை விடுவினமாம். எங்கட ஊர் விதானையார் சொன்னவர். அதுதான் வந்தனான்.”

சேர் அவவை உள்ளே கூப்பிட்டுக் கதிரையில் இருத்தினார். அவருக்கு ஏற்கெனவே ஒரு ஊகம் இருந்தது. கண்ணுக்குத் தெரியாத கடலுயிர் சில வேளைகளில் அளவுகடந்து பெருகும். அப்போது தண்ணீர் நிறம் மாறும். அவை செத்து அழுகும்போது தண்ணீரில் உள்ள பிராணவாயு தீர்ந்து மீன் மூச்சுமுட்டிச் சாகும். நஞ்சு வேண்டியதில்லை, தங்கராசாவும் வேண்டியதில்லை.

“ஆனா தண்ணியைப் பாக்காம நான் சொல்ல ஏலாது, பிள்ளை” என்றார். “கரைத் தண்ணி உதவாது. அது செத்த மீன் ஊறின தண்ணி. வெளியில, அந்தச் சிவப்புக்குள்ள போய் எடுக்கவேணும்.”

“அப்ப போய் எடுங்கோவன். உங்களிட்டப் போட் நிக்குதே.”

நாங்கள் மூவரும் வேப்பமரத்தைப் பார்த்தோம். படகின் விளிம்பில் ஒரு சேவல் நின்றது.

பட்டியலில் இல்லாத நிறுவனம்

சேர் அன்றே முகாமுக்கு விண்ணப்பம் எழுதினார். பதில் விரைவாகவே வந்தது. தேசிய கடலாய்வு நிலையம் என்று எந்த நிறுவனமும் தங்கள் பட்டியலில் இல்லை. அந்த விலாசத்தில் இருப்பது அரசாங்க ஓய்வு விடுதி ஒன்று.

நடந்தது இதுதான். எங்கள் பலகையின் தமிழைப் பார்த்து யாரோ ஓர் அலுவலகத்தில் யாரோ ஒருவர் எங்களை விடுதிகளோடு சேர்த்துப் பதிந்திருக்கிறார். அந்தப் பதிவு சிங்களத்தில் மொழிபெயர்க்கப்பட்டு முகாமுக்குப் போயிருக்கிறது. பலகையில் சரியாக இருந்த சிங்களத்தை யாரும் பார்க்கவில்லை. பிழையாக இருந்த தமிழுக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக ஓர் அரச அங்கீகாரம் கிடைத்திருந்தது.

நாகேந்திரம் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து நின்றார்.

“சேர், ஆய்வுக்குத்தானே விடமாட்டினம். ஓய்வுக்கு விடுவினம். விடுதிப் போட்டில ஒரு உல்லாசப் பயணம் எண்டு கேப்பம்.”

“என்ன கதை கதைக்கிறீர்?” சேரின் முகம் சிவந்தது. “நான் கலாநிதிப் பட்டம் எடுத்தது மடம் நடத்தவோ?”

கதவைச் சாத்திக்கொண்டார். அவர்மேல் எனக்குக் கோபம்தான் வந்தது. இந்த மனிதருக்குப் பட்டம் பெரிது, ஆள் பெரிதில்லை என்று நாகேந்திரத்திடம் சொன்னேன்.

இராசமணி அக்கா தினமும் வந்தா. காலையில் முகாம் வாசலுக்குப் போவா. பிறகு எங்கள் விறாந்தையில், தபாலதிபருக்குப் பக்கத்துக் கதிரையில், மதியம்வரை இருப்பா. சீலைப்பை எப்போதும் மடியில். ஒருநாள் சேர் வெளியே வந்தபோது அதில் என்ன என்று கேட்டார்.

“சாரமும் சேட்டும் ஐயா. பிடிச்சுக்கொண்டு போகேக்க ஈரச் சாரத்தோட போன மனுசன். முகாமில குடுக்கப் போனா வாங்கினமில்லை. இரவைக்குத் தோய்ச்சுக் காயவிட்டு விடியத் திரும்பக் கொண்டு வாறனான்.”

“உடுக்காத சாரத்தை ஏன் தோய்க்கிறீங்கள்?”

“சைக்கிளில வரேக்க புழுதி படியுது.”

சேர் உள்ளே போனார். சற்று நேரத்தில் என்னைக் கூப்பிட்டு ஒரு கடிதத்தை ரைப் பண்ணச் சொன்னார். அடியில் அவருடைய பெயருக்கு முன்னால் கலாநிதி இல்லை. பெயருக்குக் கீழே ‘விடுதிப் பொறுப்பாளர்’ என்று இருந்தது. கையெழுத்துப் போடும்போது பேனாவை அவ்வளவு அழுத்திப் பிடித்த ஒருவரை நான் பார்த்ததில்லை.

உல்லாசப் பயணம்

முகாமுக்குப் பொறுப்பான மேஜர் மகிழ்ச்சியோடு அனுமதி தந்தார். தன் மனைவி பள்ளிக்கூட விடுமுறைக்கு வந்திருப்பதாகவும், அவருக்குக் கடல் பார்க்க ஆசை என்றும், இரண்டு சிப்பாய்களோடு அவரையும் அழைத்துச் செல்லும்படியும் எழுதியிருந்தார்.

கோழிகளை விரட்டி, வைக்கோலை வாரி, படகை இறக்கினோம். வருடக்கணக்காகக் கதிரையில் இருந்த மாலுமி சுக்கானைக் கண்டதும் அதை எந்தப் பக்கம் திருப்புவது என்று எங்களிடமே கேட்டார். சேர் உல்லாசப் பயணி மாதிரி இருக்கவேண்டும் என்பதற்காக நாகேந்திரம் சந்தையில் ஒரு பூப்போட்ட சட்டை வாங்கி வந்திருந்தார். அதையும் சேர் கழுத்துவரை பூட்டியிருந்தார். நுண்ணுயிர் பிடிக்கும் வலையைப் பாயில் சுருட்டினோம். தண்ணீர் எடுக்கும் போத்தல்களைச் சாப்பாட்டுக் கூடையில், மீன் அடைத்த மாலு பணிஸுக்கு அடியில் வைத்தோம். மேஜரின் மனைவியை எல்லாரும் சிங்களத்தில் மரியாதையாக நோனா என்றார்கள். நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். பருத்திச் சேலை, பெரிய மூக்குக்கண்ணாடி, ஓயாத கேள்விகள்.

சல்லிக்கு வெளியே சிவப்புத் தண்ணீருக்குள் படகு நுழைந்ததும் சேர் தன்னை மறந்துவிட்டார். பாயை உதறி வலையை எடுத்து, பின்புறத்திலிருந்து கடலில் விட்டார். நைலோன் துணியில் கூம்பாகத் தைத்து, நுனியில் சின்னக் குப்பி கட்டிய வலை. சிப்பாய் ஒருவன் எழுந்து நின்றான்.

நோனா வலையைப் பார்த்தார், சேரைப் பார்த்தார். பிறகு ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார்.

“நான் பத்தாம் வகுப்புக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். இந்த வலையின் படம் எங்கள் புத்தகத்தில் இருக்கிறது. நேரில் இப்போதுதான் பார்க்கிறேன்.”

சேரின் நெற்றியில் திருநீறு வியர்வையில் கரைந்து இறங்கியது. நோனா சிப்பாயின் பக்கம் திரும்பிச் சிங்களத்தில் ஏதோ சொன்னார். அவன் சிரித்துக்கொண்டு உட்கார்ந்தான். ஐயா கூனி இறால் பிடிக்கிறார், பகலுக்குச் சுண்டலாம் என்று சொன்னதாகப் பிறகு மாலுமி சொன்னார். அதன்பின் வலைக்கயிற்றின் ஒரு முனையை நோனாவே பிடித்திருந்தார்.

மதியம் ஆய்வுகூடத்து நுணுக்குக்காட்டியில் முதலில் நான் பார்த்தேன். கண்ணாடித் துண்டில் ஒரு துளி. அதற்குள் உருண்டை உருண்டையாக, ஒளி ஊடுருவும் உடல்கள், ஒவ்வொன்றுக்கும் நூல் போன்ற ஒரு வால். நெருக்கியடித்துக்கொண்டு இருந்தன. சேர் பார்த்துவிட்டு நிமிர்ந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது. போத்தல் தண்ணீரிலும் பிராணவாயு இல்லை என்று வந்தது. அவருடைய ஊகம் சரி. எங்களோடு ஆய்வுகூடம்வரை வந்திருந்த நோனா கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்து நீண்ட நேரம் பார்த்தார்.

“இவையா அந்த நஞ்சு?” என்று கேட்டார்.

“இவைதான். இவற்றை யாரும் போத்தலில் கொண்டுபோய் ஊற்ற முடியாது” என்றார் சேர்.

வெள்ளிக்கிழமை விருந்து

அறிக்கையை எடுத்துக்கொண்டு சேரும் நானும் முகாமுக்குப் போனோம். மேஜர் நல்ல மனிதர்தான், சட்டப்படி நடக்கும் நல்ல மனிதர். அறிக்கையை மரியாதையோடு வாசித்துவிட்டு மரியாதையோடு திருப்பித் தந்தார். ஓய்வு விடுதி விஞ்ஞான அறிக்கை தர முடியாது. ஆய்வு நிலையம் தரலாம், ஆனால் அப்படி ஒன்று பட்டியலில் இல்லை.

“எங்கள் பலகையில் சிங்களத்தில் சரியாக எழுதியிருக்கிறது” என்றார் சேர்.

“பார்த்தேன்” என்றார் மேஜர். “ஆனால் நான் பலகையின்படி நடக்க முடியாது. பட்டியலின்படிதான் நடக்க முடியும்.”

எழுந்து வரப்போனோம். மேஜர் ஏதோ யோசித்துவிட்டுக் கூப்பிட்டார். வெள்ளிக்கிழமை தன் மனைவி ஊருக்குத் திரும்புகிறார், அன்று மதியம் இருவரும் விடுதிக்குச் சாப்பிட வருகிறோம் என்றார். சல்லிக் கடலில் பிடித்த மீனைச் சமையுங்கள். நஞ்சில்லை என்று சொல்லும் நீங்கள் முதலில் சாப்பிடுங்கள். உங்களுக்கு ஒன்றும் ஆகாவிட்டால் அந்த ஆளை விட்டுவிடுகிறேன். அதற்கு எனக்கு அறிக்கை தேவையில்லை என்றார்.

சேர் சரி என்றார். வெளியே வந்ததும் நான் பொறுக்கமாட்டாமல் சொன்னேன், “சேர், நான் சாப்பிடுறன். எனக்குப் பழக்கம்தானே. நான் கேட்டுப்பாக்கிறன்.”

“வேண்டாம். அவர் கேட்டது என்னை” என்றார்.

வெள்ளிக்கிழமை காலையில் இராசமணி அக்கா சல்லிக் கடலில் பிடித்த இரண்டு பெரிய பாரை மீன் கொண்டுவந்து எங்கள் குசினியில் சமைத்தா. பழப்புளி போட்ட குழம்பு, பொரியல், கொஞ்சம் சொதி. அந்தக் குசினியில் எரிந்த முதல் அடுப்பு அதுதான். சேர் கோயிலுக்குப் போய்விட்டு நேரே வந்திருந்தார். நெற்றி நிறையத் திருநீறு, காதில் ஒரு பூ. மேசையில் மேஜர், நோனா, சேர். நானும் நாகேந்திரமும் பரிமாறினோம். தபாலதிபர்கூடப் பேப்பரை இறக்கிவிட்டு விறாந்தையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

சேர் சோற்றில் குழம்பை விட்டுப் பிசைந்தார். ஒரு துண்டு மீனை எடுத்து, விரலால் மெல்லப் பிரித்தார். பாரையின் முள் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் இந்தத் தீவில் இருந்திருக்கமாட்டார். வாயில் வைத்தார். கண்ணை மூடவில்லை. மென்றார், விழுங்கினார். அடுத்த துண்டை எடுத்தார். தட்டில் இருந்த மீனை ஒரு முள்ளும் சிக்காமல், ஒரு துணுக்கும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு முடித்தார். நாகேந்திரம் சொதிச் சட்டியைப் பிடித்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த மனிதர் அழுததை நான் அன்றுதான் பார்த்தேன். கதவைச் சாத்திய நாளில் நான் சொன்னதை நாகேந்திரம் எனக்கு ஒருநாளும் ஞாபகப்படுத்தவில்லை, அது அவருடைய பெருந்தன்மை.

மேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நோனா காத்திருக்கவில்லை, தன் தட்டில் மீனைப் போட்டுக்கொண்டு சாப்பிடத் தொடங்கிவிட்டார். மேஜர் மனைவியைப் பார்த்தார், குழம்பைப் பார்த்தார். குழம்பின் வாசம் வேறு. கடைசியில் அவரும் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அதன்பிறகு பிளேன் ரீ குடித்தபடி, மூன்று பேரும் சாகிறார்களா என்று பின்னேரம்வரை இருந்து பார்த்தோம். ஒருவரும் சாகவில்லை.

திங்கட்கிழமை நாங்கள் வாளியோடு இறங்குதுறைக்குப் போகும்போது தங்கராசா எதிரே வந்தார். தோய்த்த சாரம், தோய்த்த சேட். மெலிந்துபோயிருந்தார். கூப்பிட்டால் வலப்பக்கம் திரும்பினார், இடக்காது கேட்கவில்லை. எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, யார்மேல் என்று தெரியாத ஆத்திரமாகவும் இருந்தது.

பலகையைத் திருத்தலாம் என்ற அனுமதி அதற்குச் சில மாதங்களின் பின் வந்தது. நான் ஓடிப்போய்ச் சேரிடம் கொடுத்தேன். அவர் வாசித்துவிட்டு அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். “இப்ப என்ன அவசரம்? இன்னொருக்காக் கடலுக்குப் போகவேண்டி வந்தா?” என்றார்.

இன்னொரு விஷயம் இருக்கிறது. தங்கராசா வந்த அடுத்த வெள்ளிக்கிழமை இராசமணி அக்கா சைக்கிளில் ஒரு சட்டியோடு வந்தா. வாழையிலையால் மூடி, துணியால் கட்டியிருந்தது.

“அண்டைக்கு ஐயா எவ்வளவு ருசிச்சுச் சாப்பிட்டவர்” என்று என்னிடம் சொன்னா. “ஒரு முள்ளுக்கூட மிச்சம் வைக்கேல்லை. இனி வெள்ளிக்கு வெள்ளி நான் கொண்டு வாறன்.”

நாகேந்திரம் வாயைத் திறந்தார். சேர் அவரை ஒரு பார்வை பார்த்தார். நாகேந்திரம் வாயை மூடிக்கொண்டார். சேர் தட்டை எடுத்து வைத்து, இராசமணி அக்கா பார்த்துக்கொண்டு நிற்க, முழுவதையும் சாப்பிட்டார்.

“உப்பு எப்பிடி ஐயா?”

“அளவாத்தான் இருக்கு, பிள்ளை.”

வெள்ளிக்கு வெள்ளி இது நடந்தது. சேர் ஓய்வு பெறும்வரை நடந்தது. அவருடைய கடைசி நாளும் ஒரு வெள்ளிக்கிழமையாகவே அமைந்தது. சட்டி காலியாகி, இராசமணி அக்கா சைக்கிளில் ஏறிப் போன பிறகு நான் கேட்டேன்.

“இவ்வளவு காலமும் ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே சேர், நீங்கள் சைவமெண்டு? அவ கோவிச்சிருக்க மாட்டா.”

சேர் வாசலில் போகும் சைக்கிளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சொல்லியிருக்கலாம். பிறகு அந்தப் பிள்ளை எனக்கெண்டு வேற என்னத்தைக் கொண்டு வாறது?” என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.